கட்டைபறிச்சானை அறியாத இயந்திரம்: திருகோணமலை மனுக்களும் ஐந்நூறு மொழி மாதிரியும்

திருகோணமலை நகரில் இயங்கும் ஒரு சிறிய ஆவண உதவி நிலையத்தில் கணினி வேலைகளைக் கவனித்துக்கொள்கிறேன். காணி, மீன்பிடி, இழப்பீடு, தொலைந்துபோன பத்திரங்கள் என்று மூதூரிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் வெருகலிலிருந்தும் வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதும், அவர்களுக்கு வந்த பதில்களைப் படித்து விளக்குவதும் எங்கள் பணி. இந்த மனுக்களில் கணிசமானவை எங்கோ ஒரு கட்டத்தில் ஆங்கிலமாக வேண்டியிருக்கிறது. வழக்கை எடுத்துக்கொள்ளும் கொழும்புச் சட்டத்தரணிக்குப் பல சமயங்களில் தமிழ் தெரியாது. எங்களுக்கோ சிங்களம் பேச வருமே தவிர, திணைக்களச் சிங்களத்தை வாசித்துப் பொருள்கொள்ளும் அளவுக்கு வராது.

இலங்கை அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை சிங்களத்தையும் தமிழையும் அரசகரும மொழிகளாகவும் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாகவும் வைத்திருக்கிறது. 22ஆம் உறுப்புரையின்படி வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிர்வாக மொழி. ஆனாலும் தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒருவருக்குத் தனிச் சிங்களத்தில் அச்சிட்ட கடிதம் வருவது நின்றபாடில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வருகிறார்கள். நாங்களும் அதைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறோம்.

எங்களுக்கு இருந்த மொழிபெயர்ப்பாளர் ஒரே ஒருவர். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். எல்லோருக்கும் அவர் ‘சேர்’. வாரத்தில் சில நாள் வருவார், நிதானமாகச் செய்வார், செய்தது பிசகாது. ஆனால் மேசையில் குவியும் கடிதங்களில் எது அவசரம், எது ஒரு மாதம் காத்திருக்கலாம் என்று பார்க்கவே அவருடைய காலைப்பொழுது போய்விடும். இணையத்தில் இலவசமாக மொழிபெயர்த்துத் தரும் சேவைகளில் ஒட்டிப் பார்த்துவிடலாமே என்று யாரும் கேட்பார்கள். நாங்களும் பேசினோம், வேண்டாமென்று முடிவெடுத்தோம். ஒரு காணி மனுவில் பெயர், அடையாள அட்டை இலக்கம், உறுதி இலக்கம், யார்மீது யார் முறைப்பாடு சொல்கிறார்கள் என்பது எல்லாம் இருக்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நம்பிக் கொடுத்தவருடைய காகிதத்தை யாருடையது என்று தெரியாத கணினிக்கு அனுப்புவது சரியில்லை. ஆகவே தேடியது ஒன்றே: இணைய இணைப்பைக் கழற்றிவிட்டு, எங்கள் அறையிலிருக்கும் கணினியிலேயே ஓடக்கூடிய ஒரு திறந்த மூல மொழிபெயர்ப்பு மென்பொருள். தமிழும் சிங்களமும் உள்ளே போக வேண்டும், ஆங்கிலம் வெளியே வர வேண்டும்.

எடுத்த கருவி

முதலில் எடுத்தது ஆர்டிஜி என்ற கருவி அடங்கிய தொகுதி. தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் தம்மே கௌடாவும் அவருடைய சகாக்களும் உருவாக்கி, 2021இல் ஆய்வுலகின் முன் வைத்த தொகுதி இது. அதில் மூன்று பாகங்கள் உண்டு. எம்டி-டேட்டா, உலகெங்கும் சிதறிக் கிடக்கும் இணைமொழித் தொகுப்புகளை, அதாவது ஒரே வரி இரண்டு மொழிகளில் இருக்கும் தொகுப்புகளை, ஒரே கட்டளையில் இறக்கித் தருவது. என்எல்-கோடெக், அவற்றைச் சொல்துண்டுகளாக வெட்டி எண்களாக்குவது. மூன்றாவதுதான் ஆர்டிஜி, பைடார்ச் என்ற நிரல் நூலகத்தின்மேல் எழுதப்பட்டது. மாதிரியை, அதாவது இணைவரிகளைப் பார்த்து மொழிபெயர்க்கக் கற்கும் நிரலை, பயிற்றுவிப்பதும் ஓட்டுவதும் அதன் வேலை. இவற்றைக் கொண்டு 500 மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும் ஒரே மாதிரியைப் பயிற்றுவித்து, எவரும் இறக்கிக்கொள்ளும்படி, ஓட்டத் தயாரான டாக்கர் பொதியாகவும் வெளியிட்டிருக்கிறார்கள்.

அதன் கட்டமைப்பில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. மூலத்தை வாசிக்கும் பக்கத்தில் 9 அடுக்குகள், ஆங்கிலத்தை எழுதும் பக்கத்தில் 6 அடுக்குகள். ஐந்நூறு மொழிகளை வாசித்துப் புரிந்துகொள்வது கடினம், ஒரே மொழியில் எழுதுவது அதைவிட எளிது என்ற கணக்கு. இலக்குமொழி ஒன்றுதான் என்பதால் இது எந்த மொழி என்று நாம் சொல்லிக் கொடுக்கவும் வேண்டியதில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய வசதி. தமிழில் தொடங்கி, நடுவில் திணைக்களத்தின் சிங்கள வாசகத்தை அப்படியே எடுத்தெழுதி, மறுபடி தமிழில் முடியும் மனுக்கள் இங்கே சாதாரணம்.

தரவிறக்கம் சில ஜிகாபைட். இரவு நேர டேட்டாவில் இறக்கி, இணைப்பைத் துண்டித்து, விசேட வரைகலை அட்டை ஏதுமில்லாத பழைய மேசைக் கணினியில் ஓட்டினோம். மெதுவாகத்தான் ஓடியது. மாலையில் கோப்புகளை வரிசையில் போட்டுவிட்டுக் காலையில் எடுத்துக்கொள்கிறவர்களுக்கு வேகம் ஒரு பொருட்டில்லை.

முதல் தடுமாற்றம் மாதிரியினுடையது அல்ல

மனுக்களின் பழைய வேர்ட் கோப்புகளை எழுத்தாக மாற்றி உள்ளே தள்ளியபோது வெளியே வந்தது அபத்தம். ஆங்கிலம்தான், இலக்கணம்கூடப் பரவாயில்லை, ஆனால் மனுவுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. காரணம் பாமினி.

இலங்கையில் தமிழ்த் தட்டச்சு என்றால் நெடுங்காலம் பாமினிதான். பல அலுவலகங்களில் இன்றும் அதுதான். கோப்புக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள். பாமினி எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவம் போட்டுக் காட்டுகிறது, அவ்வளவே. எழுத்துருவை நீக்கினால் தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துக் குப்பை எஞ்சும். அதிலும் பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அமர்ந்திருப்பது அரைப்புள்ளி விசையில். ‘இ’ இருப்பது காற்புள்ளி விசையில். ஆகவே வாக்கியத்தை வெட்டும் நிரல் தமிழின் ஒவ்வொரு மெய்யெழுத்திலும் ஒரு நிறுத்தக்குறியைக் காண்கிறது. ஐந்நூறு மொழி படித்த மாதிரி இதையும் ஐந்நூற்றோராவது மொழியாக எடுத்துக்கொண்டு, தயங்காமல் ஒரு கதை சொல்கிறது. தெரியாது என்று சொல்லும் பழக்கம் அதற்கு இல்லை.

பாமினியை, எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையாகிய யூனிகோடாக்கும் கருவிகள் பல உண்டு. மொத்தமாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் வினை. ஒரே கோப்பில் தமிழ்ப் பகுதி பாமினியிலும், ஆங்கிலச் சொற்களும் கடித இலக்கங்களும் வேறு எழுத்துருவிலும் இருக்கும். எல்லாவற்றையும் ஒருசேர மாற்றினால் ஆங்கிலம் தமிழ்க் குப்பையாகிவிடும். பழைய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது இலக்கங்களும் கடைசியில் வி அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தும் கொண்டது. பாமினி மாற்றியில் போட்டால் வி ‘ஏ’ ஆகும், எக்ஸ் ‘ஓ’ ஆகும். ஓர் ஆளுடைய அடையாள இலக்கம் இப்படித் திரிந்து சட்டத்தரணியின் கைக்குப் போனால் அதன் விளைவை யோசித்துப் பாருங்கள்.

தீர்வு கோப்பின் உள்ளேயே இருந்தது. டாக்எக்ஸ் கோப்பு என்பது சுருக்கிக் கட்டிய பொதி. உள்ளே ஒவ்வொரு துண்டு எழுத்துக்கும் எந்த எழுத்துரு என்ற குறிப்பு இருக்கும். பாமினி என்று குறித்த துண்டுகளை மட்டும் மாற்றி, மற்றவற்றைத் தொடாமல் விடும் சிறு நிரலை எழுதினோம். சிங்களக் கோப்புகளிலும் இதே தலைவலி உண்டு. அங்கே எஃப்எம் அபயா போன்ற எழுத்துருக்கள். அவற்றுக்கும் அதே வழி.

யூனிகோடுக்கு வந்தபிறகும் முழு நிம்மதி கிடைக்கவில்லை. ‘ஔ’கார உயிர்மெய்யை ஒற்றைக் குறியாக எழுதாமல் எகரக் கொம்பும் ‘ள’ எழுத்துமாகத் தட்டச்சிடுகிறவர்கள் ஏராளம்; கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, இயந்திரத்துக்கு அது வேறு சொல். ஒகரத்தைக் கொம்பும் காலுமாகப் பிரித்து வைத்த கோப்புகளும் இருந்தன. இரண்டாவதை யூனிகோடின் வழமையான சீராக்கமே சரிசெய்துவிடும். முதலாவதை அது தொடாது. அதற்கு விதி எழுத வேண்டும், எழுதும்போது உண்மையான ‘ள’ வரும் சொற்களைக் கெடுக்காமல் பார்க்கவும் வேண்டும்.

கையெழுத்து மனுக்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவற்றைத் தட்டச்சிடுவதைத் தவிர வேறு வழி எங்களிடம் இருக்கவில்லை.

ஊர்ப்பெயர்கள்

எழுத்துச் சிக்கல் தீர்ந்ததும் ஆங்கிலம் திடீரென்று மனுவோடு பொருந்தத் தொடங்கியது. யார் எதைக் கேட்கிறார் என்பது பெரும்பாலும் புரிந்தது. அப்போதுதான் கட்டைபறிச்சான் வந்து சேர்ந்தது.

மூதூர்ப் பக்கத்திலுள்ள அந்த ஊரைச் சேர்ந்த ஒருவருடைய மனு ஆங்கிலத்தில், மரக்கட்டையைப் பறித்துக்கொண்டவனிடத்தில் வசிக்கும் ஒருவர் எழுதியதாக மாறியிருந்தது. நகருக்கு வெளியே கப்பல்துறையில் காணி கேட்டவர், கப்பல் திணைக்களத்திடம் காணி கேட்டவரானார். சாம்பல்தீவு சாம்பலாலான தீவாயிற்று. சீனன்குடா சீனர்களுக்குரிய வளைகுடாவாயிற்று. கன்னியாவில் வெந்நீர்க் கிணறுகளுக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பவரின் கடிதம் ஒரு கன்னிப் பெண்ணைப் பற்றியதாகிவிட்டது. கிண்ணியாவிலிருந்து வரும் எங்கள் தன்னார்வலர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், இந்தப் பக்கங்களைத் தனியாக எடுத்து வைத்து வாசித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். “தம்பி, எங்கள் ஊரை விட்டுவிட்டதே, அதற்கு நன்றி சொல்லுங்கள்” என்றார். கிண்ணியா என்ற பெயரில் இயந்திரம் பிடித்துக்கொள்ளப் பொருள் ஒன்றும் அகப்படவில்லை போலும்.

சிரிப்புக்கு அப்பால் இதில் ஒரு விபரீதம் உண்டு. கட்டைபறிச்சான் ஆங்கிலத்தில் அபத்தமாக வந்தால் வாசிப்பவர் சந்தேகப்படுவார். கப்பல்துறை ஒரு திணைக்களமாக வந்தால் சந்தேகப்பட மாட்டார். அர்த்தமுள்ள பிழைதான் ஆபத்தானது.

ஊர்ப்பெயர்களை மொழிபெயர்க்கவிடாமல் தடுப்பது பட்டியலுக்குரிய வேலை என்றுதான் தொடங்கினோம். திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள், 230 கிராம அலுவலர் பிரிவுகள். பெயர்கள் பொதுவில் இருக்கின்றன. ஆனால் தமிழில் ஊர்ப்பெயர் தனியாக நிற்பது அரிது. சாம்பல்தீவு ‘சாம்பல்தீவில்’ என்றாகும்போது ஈற்று உகரம் போய்விடும். கிண்ணியாவுக்கு வகர உடம்படுமெய் வரும், நிலாவெளிக்கு யகரம் வரும். ‘மூதூரிலுள்ள’, ‘தோப்பூரிலிருந்தும்’ என்று வேற்றுமையும் அடுத்த சொல்லும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். பற்றாததற்கு ஒரே ஊரைச் சிலர் வல்லினம் மிகுத்தும் சிலர் மிகாமலும் எழுதுவார்கள். ஆக, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த புணர்ச்சி விதிகளைக் கணினிக்கு எழுத வேண்டியதாயிற்று. நன்னூல் பாடம் நடத்திய தமிழாசிரியருக்கு மனத்துக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டேன்.

பெயரைப் பிரித்தெடுத்த பிறகு அந்த இடத்தில் எதை வைப்பது? முதலில் குறியீடு வைத்தோம்: எக்ஸ் 1, எக்ஸ் 2 என்று. மாதிரி சில வேளை அதை விழுங்கியது, சில வேளை ஒன்றை இரண்டு முறை எழுதியது. பின்னர் ஊர்ப்பெயரின் வழக்கமான ஆங்கில எழுத்து வடிவத்தையே தமிழ் வாக்கியத்துக்குள் வைத்து, வேற்றுமை உருபை அதன் பின்னால் தனியே விட்டோம். தமிழ் வரிக்கு நடுவே வரும் ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்துச்செல்லும் வழக்கம் அதற்கு இருந்தது. இந்த வழி பெரும்பாலும் நின்றது. ஆட்பெயர்களுக்கும் இதையே செய்தோம். மனுவின் தலைப்பில் உள்ள பெயரை எடுத்து, உடலில் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம்.

ஏன் இப்படி

இந்தப் பிழைகளுக்குக் காரணம் மாதிரியின் மூளையில் இல்லை, அதற்கு ஊட்டப்பட்ட உணவில் இருக்கிறது. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையிலான இணைவரிகள் எங்கிருந்து வந்தவை என்று பார்த்தால் பாதி விளங்கிவிடும். பழைய தொகுப்புகளில் ஒன்றான என்டாம், பிராகாவின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் 2012 வாக்கில் தொகுக்கப்பட்டது; ஏறத்தாழ 1 லட்சத்து 70 ஆயிரம் வரிகள். அவை பைபிள், சினிமாச் செய்தி, அரசியல் செய்தி என்ற மூன்று இடங்களிலிருந்து வந்தவை. இணைவரிகளைத் திரட்டித் தரும் ஓபஸ் களஞ்சியத்தில் குர்ஆன் மொழிபெயர்ப்புகளும், கணினி மென்பொருள்களின் பொத்தான் பெயர்களும் உண்டு. 2021இல் வெளியான சமானந்தர் தொகுப்பு 11 இந்திய மொழிகளுக்குச் சேர்த்து ஏறத்தாழ 5 கோடி இணைவரிகள் கொண்டது. அதன் தமிழ் இந்திய இணையத்தின் தமிழ். இவற்றில் எதிலும் மூதூர்க் காணிக் கச்சேரிக்கு (காணி விசாரணைக்கு) எழுதிய மனு இருக்க நியாயமில்லை.

ஆகவே ‘காணி உறுதி’ என்பது காணி குறித்த வாக்குறுதியாக வருகிறது. இங்கே உறுதி என்றால் நொத்தாரிசு எழுதிய பத்திரம் என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? 20 பேர்ச் (நில அளவை) காணி ஒரு நன்னீர் மீனின் பெயரோடு வந்தது. கரைவலைக்காரர் கடற்கரையில் போட்டிருந்த வாடி (மீனவர் குடில்) வாடிப்போயிற்று. மனுக்களின் வழக்கமான முடிவாகிய ‘ஐயா, எங்கள்மீது இரக்கம் கொண்டு’ என்ற வரி, ஆண்டவரை நோக்கிய மன்றாட்டாக, வேதாகம ஆங்கிலத்தில் கம்பீரமாக இறங்கியது. பிரதேச செயலாளருக்கு இது தெரிந்தால் மகிழ்ந்திருப்பார்.

சிங்களத்தின் கதை வேறு. 2019இல் நேபாளிக்கும் சிங்களத்துக்கும் சோதனைத் தொகுப்பு அமைத்த ஃப்ளோரஸ் ஆய்வில் சிங்களம்–ஆங்கிலப் பயிற்சிக்கு எடுத்த இணைவரிகளில் சுமார் 6 லட்சம் திரைப்பட வசனத் துணைவரிகள். மென்பொருள் வாசகங்கள் 50 ஆயிரத்துக்கும் குறைவு. சிங்களத்தில் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் தமிழைப்போலவே விலகி நிற்பவை. பேச்சு வசனத்தை வாசித்து வளர்ந்த மாதிரியிடம் திணைக்களச் சிங்களத்தைக் கொடுத்தால் அது தடுமாறுகிறது. மேற்கோள் காட்டும் சட்டப்பிரிவுகளைத் தவற விடுகிறது, கடிதத்தின் தொனி அடுத்த வீட்டுக்காரர் அதட்டுவதைப் போல் ஆகிவிடுகிறது. ஆனாலும் சிங்களம் வாசிக்க முடியாத எங்களுக்கு, கடிதம் எதைப் பற்றியது, திகதி என்ன, பதில் கேட்கிறதா என்ற மூன்றும் தெரிந்தாலே அரைவாசி வேலை முடிந்துவிடுகிறது. அந்த அளவுக்கு அது உதவியது.

இல்லை என்ற சொல் காணாமற்போனபோது

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழு முயற்சியையும் கைவிட்டுவிடலாமா என்று எங்களை யோசிக்க வைத்தது இதுதான்.

மனு எழுதும் தமிழுக்கு ஒரு வாக்கியமே ஒரு பக்கம். ‘என்பதையும்’, ‘என்பதையும்’ என்று அடுக்கிக்கொண்டே போய், ‘தங்களின் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்’ என்ற இடத்தில்தான் மூச்சு விடும். தமிழில் வினை கடைசியில் வருகிறது. எதிர்மறையும் வினையோடு ஒட்டிக் கடைசியில் வருகிறது. நீண்ட வாக்கியத்தின் வாலை மாதிரி அடிக்கடி தவறவிட்டது. ‘இழப்பீடு இதுவரை எனக்கு வழங்கப்படவில்லை’ என்று முடியும் பகுதி, இழப்பீடு வழங்கப்பட்டதாக ஆங்கிலத்தில் வந்து நின்றது. சரளமான, பிழையற்ற, நம்பத்தகுந்த ஆங்கிலம். மனுக்காரர் கேட்டதற்கு நேர் எதிரானது.

சேரிடம் காட்டினேன். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “இதைக் கோப்பில் போடுவதைவிட மனுவைக் கிழித்துப் போடலாம்” என்றார். அவர் அப்படிப் பேசுகிறவரல்லர்.

இரண்டு காரியம் செய்தோம். வாக்கியத்தை ‘என்பதையும்’, ‘என்பதோடு’, ‘ஆகவே’ போன்ற இடங்களில் வெட்டி, சிறு சிறு வாக்கியங்களாக மாற்றி அனுப்பினோம். நடை போய்விடும், மனுவின் பணிவு போய்விடும், உண்மை மிஞ்சும். அடுத்தது, தமிழ்த் துண்டில் ‘இல்லை’, ‘வில்லை’, ‘படாத’, ‘முடியாது’, ‘மறுத்த’ போன்றவை இருந்து, ஆங்கிலத்தில் எதிர்மறைச் சொல் எதுவும் இல்லாவிட்டால் அந்த வரியைச் சிவப்பாக்கும் ஒரு எளிய சோதனை. எண்களுக்கும் இதே மாதிரி: மூலத்தில் உள்ள திகதியும் தொகையும் இலக்கமும் ஆங்கிலத்தில் அப்படியே இல்லாவிட்டால் சிவப்பு. இந்தச் சோதனைகள் முட்டாள்தனமானவை. சரியான வரியையும் சில வேளை சிவப்பாக்கும். அதனால் நட்டமில்லை. சிவப்பாகாத வரி எல்லாம் சரி என்று எண்ணிக்கொள்வதில்தான் நட்டம், ஆகவே அந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்கவில்லை.

எப்படி மதிப்பிட்டோம்

இயந்திர மொழிபெயர்ப்பை மதிப்பிடும் வழக்கமான அளவு ப்ளூ. ஐபிஎம்மில் 2002இல் பிறந்தது, மனிதர் செய்த மொழிபெயர்ப்போடு சொற்றொடர்கள் எவ்வளவு பொருந்துகின்றன என்று எண்ணுவது. எழுத்துவரிசைகளை எண்ணும் சிஎச்ஆர்எஃப் 2015இல் வந்தது. தமிழ்–ஆங்கிலத்துக்கு 2020ஆம் ஆண்டு டபிள்யூஎம்டி என்ற இயந்திர மொழிபெயர்ப்புப் போட்டியின் செய்திச் சோதனைத் தொகுப்பும் உண்டு. இவை மாதிரிகளை ஒப்பிடுகிற ஆய்வாளர்களுக்கு வேண்டியவை. ஒரு ‘இல்லை’ போனால் ப்ளூ மதிப்பெண் அசையக்கூட அசையாது. எங்களுக்கோ அதுதான் எல்லாம்.

ஆகவே வேறு வழி பிடித்தோம். தமிழ் தெரியாத, ஆங்கிலம் வாசிக்கும் ஒருவரிடம் இயந்திரம் தந்ததை மட்டும் கொடுத்து, யார் எழுதினார், எந்த இடம், எப்போது நடந்தது, என்ன கேட்கிறார், ஏதாவது காலக்கெடு உண்டா என்று கேட்டோம். மூலத்தை வாசித்த சேரின் விடைகளோடு ஒப்பிட்டோம். பாமினி மாற்றம், ஊர்ப்பெயர்ப் பட்டியல், வாக்கிய வெட்டு ஆகிய மூன்றும் இல்லாதபோது இந்த விடைகள் குப்பை. மூன்றும் சேர்ந்த பிறகு என்ன கேட்கிறார் என்பதற்கும் எந்த இடம் என்பதற்கும் பெரும்பாலும் சரியான விடை கிடைத்தது. யார் யாரை என்ன செய்தார் என்பதில் மட்டும் கடைசிவரை சறுக்கல் இருந்தது. எழுவாயை விட்டுவிட்டு எழுதுவது தமிழில் இயல்பு. ஆங்கிலம் ஓர் ஆளைக் கேட்கும். மாதிரி தன் இஷ்டத்துக்கு ஓர் ஆளை நிறுத்தும். பெரும்பாலும் ஆண்.

மற்றக் கருவிகளையும் தொட்டுப் பார்த்தோம். மெட்டா 2022இல் வெளியிட்ட என்எல்எல்பி 200 மொழிகளை எந்தத் திசையிலும் மொழிபெயர்க்கும். சிங்களத்திலிருந்து நேரே தமிழுக்கும் போகலாம். அதன் 60 கோடி அளபுருக்கள் (மாதிரி கற்று வைத்திருக்கும் எண்கள்) கொண்ட சிறிய வடிவம் எங்கள் கணினியில் ஓடியது. உரிமம் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டுமே. எங்களுக்கு அது தடையில்லை, கட்டணம் வாங்கும் அலுவலகங்களுக்குத் தடை. இந்தியாவின் ஏஐ4பாரத் 2023இல் வெளியிட்ட இந்திக்டிரான்ஸ் 2, தமிழை எங்கள் கையில் இருந்தவற்றில் நன்றாகச் செய்தது. ஆனால் அது இந்திய அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுக்கானது. சிங்களம் அதில் இல்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் அரச ஆவணங்களுக்காகச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மும்மொழி வேலை நடந்திருக்கிறது. துறை வழக்குச் சொற்களைப் பொறுத்தவரை எங்கள் தேவைக்கு மிக அருகில் இருப்பது அந்தப் பாதைதான். சிங்களத்தில் வந்த கடிதத்தைத் தமிழனுக்கு விளக்க ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு வருவது எவ்வளவு வீண் சுமை என்பது இந்த வேலையில் இறங்கினால்தான் உறைக்கும். பக்கத்து வீட்டுக்குப் போகக் கொழும்புக்குப் போய்த் திரும்புவது.

இப்போது எப்படி நடக்கிறது

மொழிபெயர்ப்பு என்ற பெயரில் இயந்திரம் தந்த எதுவும் நிலையத்தை விட்டு வெளியே போவதில்லை. அதன் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ‘உள்வாசிப்புக்கு மட்டும்’ என்ற வரி தானாகவே அச்சாகிறது. கடிதங்களைத் தரம் பிரிக்க அதைப் பயன்படுத்துகிறோம்: காலக்கெடு உள்ளவை ஒரு கோப்பு, காணி ஒரு கோப்பு, வெறும் ஏற்புக் கடிதங்கள் ஒரு கோப்பு. சேர் வரும்போது அவசரமானவை மேலே இருக்கும். அவர் புதிதாகவே மொழிபெயர்க்கிறார்; இயந்திரத்தின் ஆங்கிலத்தைத் திருத்துவதில்லை. திருத்தித்தான் பாருங்களேன் என்று ஆரம்பத்தில் கேட்டுக்கொண்டோம். சரளமான பிழை கண்ணில் படாமல் வழுக்கிப் போய்விடுகிறது என்று மறுத்துவிட்டார். அவர் சொன்னது சரி என்றுதான் எனக்கும் படுகிறது.

தமிழ் மனுக்களுக்கு இந்திக்டிரான்ஸ் 2, சிங்களமும் கலப்பும் வந்தால் ஆர்டிஜியின் மாதிரி என்று பிரித்திருக்கிறோம். முன்னால் நிற்கும் எழுத்துரு மாற்றி, ஊர்ப்பெயர்ப் பட்டியல், வாக்கிய வெட்டு, சிவப்புச் சோதனை நான்கும் இரண்டுக்கும் பொது. உண்மையில் எங்கள் உழைப்பின் பெரும்பகுதி அங்கேதான் போனது. மாதிரியை நாளைக்கு மாற்றலாம். இவற்றை யாரும் கலிபோர்னியாவிலிருந்து செய்து அனுப்பப் போவதில்லை.

ஆர்டிஜியை உருவாக்கியவர்கள் அந்த மாதிரியைத் தாய் மாதிரியாக எடுத்து, குறைந்த தரவு கொண்டு மேலும் பயிற்றுவிக்கலாம் என்கிறார்கள். சேர் ஆண்டுக்கணக்கில் செய்த மொழிபெயர்ப்புகள், அவற்றின் தமிழ் மூலங்களோடு, எங்கள் அலுமாரியில் இருக்கின்றன. உறுதியும் பேர்ச்சும் வாடியும் சரியாக ஆங்கிலமான வரிகள் அவை. பயிற்சிக்கு அதைவிடப் பொருத்தமான தரவு கிடைக்காது. ஆனால் அந்த வரிகள் எங்களுடையவை அல்ல; மனுக்காரர்களுடையவை. பெயரை அழித்தாலும், ஊரும் வலையும் சண்டையும் சேர்ந்தால் சின்ன ஊரில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே மனு எழுத வருகிறவர்களிடம் இப்போது தனியாக ஒரு பத்திரத்தில் சம்மதம் கேட்கிறோம்: இந்தக் கடிதத்தின் வரிகளைப் பெயர் நீக்கி இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கப் பயன்படுத்தலாமா என்று. சிலர் கையொப்பம் இடுகிறார்கள். சிலர் வேண்டாம் என்கிறார்கள். கட்டைபறிச்சானிலிருந்து வந்த ஒரு அம்மா, தன் பழைய மனுவை இயந்திரம் எப்படி ஆங்கிலப்படுத்தியது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, முதலில் எங்கள் ஊர்ப்பெயரைச் சரியாகச் சொல்லிக் கொடுங்கள், பிறகு ஒப்பம் வைக்கிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார்.